கல்லூரிப் பிள்ளைகளுக்கு மருத்துவத் துறையை எங்கிருந்து அறிமுகப்படுத்துவது? வட சென்னைக்காரர்கள் யோசனை சொல்லுங்கள்

வியாசை_வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நம் ஊரில் மருத்துவத் துறை எப்படி இயங்குகிறது, ஒரு டாக்டர் என்ன செய்கிறார், ஒரு நோயாளி எங்கே போய் எங்கே வருகிறார் என்பதையெல்லாம் இரண்டாமாண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஒரு வகுப்பு நடத்தலாமா என்று கேட்டேன், முதல்வர் சரி என்று சொல்லிவிட்டார். வாரத்தில் ஒரு மதியம் கிடைக்கும். பி.காம்., வரலாறு, விலங்கியல் என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். எம்.பி.பி.எஸ். போகப்போகிறவர்கள் யாரும் இல்லை. லேப் டெக்னீஷியன், நர்சிங் மாதிரி ஏதாவது இனிமேல் படிக்க முடியுமா என்று கேட்பவர்கள் சிலர் உண்டு.

இதை ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன் என்றால், இவர்களில் நிறையப் பேர் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் "நீ படிச்ச பிள்ளை, கூட வா" என்று இவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு மாணவி, நெஞ்சுவலி என்று அப்பாவை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. பழைய சீட்டெல்லாம் வீட்டில் ரேஷன் கார்டு கவருக்குள் இருந்திருக்கிறது. காப்பீட்டு அட்டையும் அதே கவரில்தான், அது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் "இதையெல்லாம் எங்களுக்கு யாருமே சொல்லித் தரலையே சார்" என்று அவள் கேட்டது எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். முதலில் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வார்டு வார்டாகக் காட்டலாமா, இல்லை நம் தெருப்பக்கம் இருக்கிற மாநகராட்சி சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அப்புறம், திட்டங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு விருப்பமில்லை, டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பதைக் காட்ட வேண்டும், அதற்கு ஏதாவது வழி உண்டா? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ராயபுரம்_சிஸ்டர்

சார், நான் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தயவுசெய்து பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்காதீர்கள். அங்கே போனால் பிள்ளைகள் கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள், அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் தெருமுனையிலேயே இடம் இருக்கும்போது விடியற்காலையில் கிளம்பிப் போய் ஸ்டான்லி இருக்கிற ஓல்டு ஜெயில் ரோட்டில் வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த வரிசையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியவர்கள் உங்கள் பிள்ளைகள்தான்.

முதல் வகுப்பில் எங்கேயும் போக வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிச் சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்து வைத்து, தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைல் போடட்டும். கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டாம், அது அந்த வீட்டுச் சமாச்சாரம். வகுப்பில் நீங்கள் ஒரு மாதிரிச் சீட்டைக் கரும்பலகையில் எழுதி எப்படிப் படிப்பது என்று காட்டினால் போதும். 1-0-1 என்றால் காலையும் ராத்திரியும், மத்தியானம் இல்லை. இது தெரியாமல் மூன்று வேளையும் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் எடுக்கிற சர்க்கரைப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், டீயும் குடிக்கக் கூடாது. எச்.பி.ஏ.1சி என்று ஒரு ரிப்போர்ட் இருக்கும், அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சொல்லிவிடும், நேற்று ஒரு நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது.

அடுத்தது மருந்து கொடுக்கும் கவுண்டர். அதைப் பற்றி ஒரு முழு மதியம் பேசலாம் சார், அவ்வளவு விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் வந்தது. அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகளை எல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குக்கு அனுப்பி, அங்கிருந்து ஆஸ்பத்திரிகள் தங்கள் பாஸ்புக்கில் வரவு செலவு எழுதி எடுத்துக்கொள்கிற ஏற்பாடு வந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. ஆனால் டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறும். நம் ஜனங்கள் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் ரோஸாக இருந்தால், "இது வேற மாத்திரை, தப்பாக் கொடுத்துட்டாங்க" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். பாட்டி ஒருவர் அப்படி வைத்த பிரஷர் மாத்திரைகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். எல்லாம் ஒரே மருந்துதான், அட்டைதான் வேறு வேறு. வீட்டில் ஒரு பிள்ளை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துச் சொல்லியிருந்தால் அவர் தினமும் போட்டிருப்பார்.

அதற்குப் பிறகு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்குப் போனால் நெரிசல், வேறு நாள் கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கிற எண், எப்படிப் போடுகிறார்கள், அது இல்லாவிட்டால் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் ஏன் சிக்கல் வருகிறது, பிரசவம் ராயபுரத்தில் இருக்கிற ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்பப்படுகிறது, இதெல்லாம் அங்கே இருக்கும் நகர்ப்புறச் செவிலியரே அழகாகச் சொல்வார். கல்யாணமான அக்கா இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இது உதவும்.

டாக்டர்_தண்டையார்பேட்டை

சிஸ்டர் சொன்ன வரிசையையே நானும் சொல்வேன். சீட்டு, மருந்துக் கவுண்டர், சுகாதார நிலையம், அதற்கப்புறம்தான் மேலே. அனுமதி பற்றி: மாநகராட்சி நிலையங்களுக்கு உங்கள் மண்டல நல அலுவலரிடம் கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் கொடுங்கள். தண்டையார்பேட்டை 4-ஆவது மண்டலம், ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. நீங்கள் போக நினைக்கும் நிலையம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீனுக்கு எழுத வேண்டும், அது நாளாகும்.

நீங்கள் கேட்ட இன்னொன்று, டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பது. இதற்கு ஆஸ்பத்திரியே தேவையில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் நோயாளி பக்கத்தில் நின்று நாங்கள் முதலில் கற்றுக்கொள்வதே கேள்வி கேட்பதுதான். என்ன செய்கிறது, எத்தனை நாளாக, திடீரென்று வந்ததா மெதுவாக வந்ததா, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூடவே வேறு என்ன, முன்னால் இப்படி வந்திருக்கிறதா, வேறு நோய் இருக்கிறதா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா, என்ன வேலை செய்கிறீர்கள். முக்கால்வாசி நேரம் இந்தப் பதில்களிலேயே நோய் பிடிபட்டுவிடும், ஸ்டெதாஸ்கோப்பும் ரத்தப் பரிசோதனையும் அதை உறுதி செய்துகொள்ளத்தான். கடைசிக் கேள்வியை நம் பகுதியில் விடவே கூடாது. இருமல் என்று வருகிறவர் மர இழைப்புப் பட்டறையில் வேலை செய்கிறாரா, லாரியில் நிலக்கரி ஏற்றுகிறாரா, மீன் ஐஸ் பெட்டி தூக்குகிறாரா என்று தெரியாமல் மருந்து எழுதினால் அது பாதி வைத்தியம்தான்.

இதை வகுப்பில் செய்து பாருங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒரு நோயாளியின் கதை. இன்னொருவர் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நிமிடம்தான். நெரிசலான ஓ.பி.யில், அதாவது புறநோயாளிப் பிரிவில், ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான், அது சரியா தவறா என்பதைத் தனியாகப் பேசலாம், ஆனால் நிலைமை அது. இப்போது திருப்பிப் போடுங்கள். நோயாளியாக இருப்பவர் அந்த இரண்டு நிமிடத்துக்குள் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். "ரெண்டு நாளா உடம்பு சரியில்ல டாக்டர்" என்று தொடங்கினால் நேரம் போய்விடும். "மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறைந்திருக்கிறது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்" என்று கூட வந்த பிள்ளை சொன்னால் நான் அந்த நொடியே சளிப் பரிசோதனைக்கு எழுதிவிடுவேன். கூட வருகிறவர் தெளிவாகப் பேசினால் டாக்டருக்கு எவ்வளவு உதவி என்பதை இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிரஷர் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கினால் போதும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும், அரை மணிக்குள் டீயோ காபியோ சிகரெட்டோ கூடாது, பேசக் கூடாது. மாடிப்படி ஏறி வந்தவுடன் பார்த்த அளவையும் இப்படிப் பார்த்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால், ஒரு எண்ணை வைத்து அவசரப்படக் கூடாது என்பது தானாகப் புரியும்.

காஷுவாலிட்டி பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் வந்தவரை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவரை உள்ளே எடுக்கிறார்கள் என்று சண்டை வராத நாள் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடந்து வந்து பேசுகிறவர் பச்சை. உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அது நல்ல சேதி. இதை இருபது வயதுப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் ராத்திரி டியூட்டி நர்ஸ்கள் அடி வாங்குவது குறையும்.

இன்னும் ஒன்று, என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்றுதான் உலகமே நம்பியது. இந்த ஊரின் நெரிசலான, ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே, சாதாரணச் சாப்பாட்டோடு, ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் எடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது, வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடவில்லை என்பதையும் தொடர்ந்து கவனித்துக் காட்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க காசநோயாளிகள் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அதற்கு வழிகாட்டியது சென்னையின் ஏழை ஜனங்கள். வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் மருத்துவ அறிமுகம் முடியக் கூடாது என்று நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை_குரல்

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டாக்டரும் சிஸ்டரும் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மாணவர்களைக் கூட்டமாகச் சுகாதார நிலையத்துக்குக்கூடக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து.

நம் பகுதியில் யாருக்கு யார் தெரியாது? என் அத்தைக்குக் காசநோய் வந்தது. மாத்திரை வாங்கப் பக்கத்துத் தெருவிலேயே இடம் இருந்தும் அவர் பஸ் ஏறி இன்னொரு ஏரியாவுக்குப் போய் வாங்கினார். காரணம், வரிசையில் நிற்கும்போது தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் வேறு வேலையாக வந்தவன் பார்த்துவிட்டான், மறுநாள் குழாயடியில் பேச்சு வந்துவிட்டது. அவருக்கு மகள் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒருவன் பார்த்ததற்கே இப்படி என்றால், அடையாள அட்டை மாட்டிக்கொண்டு முப்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் அன்றைக்கு வந்திருக்கிற நோயாளிகளுக்கு எப்படி இருக்கும்? எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்த ஒருவர் அப்படியே திரும்பிப் போய்விட்டால் அவர் மறுபடி எப்போது வருவார்? எச்.ஐ.வி. விஷயத்தில் ரகசியம் காக்க 2017-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள், மற்ற நோய்க்கு மட்டும் மானம் இல்லையா?

போன் கொண்டுபோனால் யாராவது ஒருவன் படம் எடுப்பான், ஸ்டேட்டஸ் போடுவான். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம் அதில் வந்துவிடும்.

என் யோசனை, துறையில் இருப்பவர்களைக் கல்லூரிக்கு வரவழையுங்கள். மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், 108 ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர், துப்புரவுப் பணியாளர். கடைசியில் சொன்னவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ட்யூப் சிவப்புப் பையில், ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், மருந்துக் கண்ணாடிப் பாட்டில் நீலப் பெட்டியில் என்று பிரிக்கிற வேலை அவர் கையில் இருக்கிறது. யாரோ ஒரு படித்தவர் ஊசியை மாற்றிப் போட்டால் குத்துவது அவர் கையில். அவர் பேசுவதை டாக்டர் பேசுவது போலவே உட்கார்ந்து கேட்கப் பழகட்டும்.

டாக்டர்_தண்டையார்பேட்டை

நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முப்பது பேர் வேண்டாம். போகிறதாக இருந்தால் மூன்று நான்கு பேர், ஓ.பி. முடிந்த பிறகு, நோயாளிகள் இல்லாத நேரத்தில், போனைக் கல்லூரியிலேயே வைத்துவிட்டு. கட்டடத்தையும் பதிவேடு எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதையும் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி வைக்கிற முறையையும் அப்போதே பார்க்கலாம். பெயர் எழுதிய பதிவேட்டைத் திறந்து காட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார்டுக்குள் வேண்டவே வேண்டாம், அது மருத்துவ மாணவர்கள் நோயாளியின் சம்மதத்தோடு படிக்கிற இடம்.

மணலி_நண்பன்

சின்னதாக ஒன்று மட்டும். எங்கள் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோடுகளில் விபத்து தினசரிச் செய்தி. பைக்கில் போகிற பையன்கள்தான் முதலில் பார்க்கிறவர்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நகர்ந்துவிடுகிறார்கள். அடிபட்டவருக்கு உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது, 2019 திருத்தத்தில் வந்தது. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது. அதே போல இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. எந்த ஊர்க்காரர், கையில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. 108-க்கு அடித்தால் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தமோ கம்பெனி கேட்டோ சொன்னால் சீக்கிரம் வருவார்கள். போன் செய்கிறவர் பதற்றத்தில் கத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் ஒன்றும் புரியாது. இதை நடித்துப் பழக வையுங்கள் சார்.

எம்கேபி_நகர்_அக்கா

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், அப்புறம் எல்லா ஊருக்கும் வந்தது. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்போம், ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுப்போம். நடக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வருவார், வலி தணிக்கும் சிகிச்சைக்குச் செவிலியர் வருவார்.

கொருக்குப்பேட்டைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரர் சம்மதித்தால் இரண்டு பிள்ளைகளை என்னோடு அனுப்பலாம், அதுவும் அவர்கள் குடியிருக்காத பகுதிக்கு. ஹவுசிங் போர்டு நான்காவது மாடியில் இருக்கிற ஒரு வயதானவர் சுகர் மாத்திரைக்காக ஏன் கீழே இறங்கிப் போகவில்லை என்று வகுப்பில் எவ்வளவு நேரம் சொன்னாலும் புரியாது. ஒரு தடவை அந்தப் படியில் ஏறட்டும். முட்டிவலி, கால் மரத்துப் போயிருக்கிறது, கைப்பிடிச் சுவர் பாதி இல்லை. இறங்கினால் ஏற முடியாது. அவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.

நான் அதிகம் கேட்கிற பேச்சு "நல்லாயிட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பதுதான். பிரஷருக்கு வலி கிடையாது, அதனால் நோய் இருப்பதே தெரியாது. மாத்திரை போடுவதால்தான் அளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "அப்ப வாழ்நாள் பூரா போடணுமா?" என்று கோபம் வரும். அந்தக் கோபத்தோடு சண்டை போடாமல் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்ள வேண்டும், எனக்கே அதற்கு நாள் பிடித்தது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற வீடுகளில் ஆண்கள் கடலுக்குப் போய் வருகிற நேரம் மாறிக்கொண்டே இருக்கும், பத்து மணிக்குப் போனால் தூங்கிக்கொண்டிருப்பார். எப்போது வரலாம் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் போவேன்.

சார் சொன்ன காப்பீட்டு அட்டை விஷயம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அந்த வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும், நமக்கு ராஜாஜி சாலை. குடும்பத்தில் எல்லாருடைய பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மருமகள் பெயர், பிறந்த குழந்தை பெயர் விட்டுப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அதற்காக அலைவது பெரிய கொடுமை.

காசிமேடு_பையன்

சார், நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். உங்கள் மாணவர்கள் இனிமேல் படிக்க முடியுமா என்று கேட்டதாகச் சொன்னீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங், ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆப்டோமெட்ரி மாதிரி படிப்புகளுக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங், நீட் தேவையில்லை. ஆனால் பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்தவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அரைகுறை நம்பிக்கை கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. எந்த டிகிரி முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி மேற்படிப்பில் சேர்ந்து மருத்துவ சமூகப் பணி எடுக்கலாம், ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கலாம். விலங்கியல் படிப்பவர்கள் மேற்படிப்பில் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பக்கம் போகலாம், நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றுகிற மெடிக்கல் கோடிங் வேலைக்கும் சென்னையில் நிறைய ஆள் எடுக்கிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து போலிச் சான்றிதழ். நம் ஏரியாவில் மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது, "ஆறே மாதத்தில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், வேலை உத்தரவாதம்". என் தங்கையின் தோழி ஒருத்தி அம்மாவின் நகையை அடகு வைத்து அப்படி ஒரு இடத்தில் சேர்ந்தாள். படித்து முடித்துப் போனால் அந்தச் சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளவில்லை, தனியார் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். சேர்வதற்கு முன்னால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, இல்லை அரசின் மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்துகிற டிப்ளமோவா, நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது, அவர்களுடைய பழைய அறிவிப்பு ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, அந்த வேலைக்கு என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் படித்துக் காட்டினாலே எந்தப் படிப்பு செல்லும், எது செல்லாது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வேலை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள் சார். என்னிடம் வருகிறவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினில் இருப்பார்கள். வருடக்கணக்கில் அதே முகங்கள். நிறையப் பேர் சுகரையும் பிரஷரையும் கவனிக்காமல் விட்டதால் சிறுநீரகம் போனவர்கள். திடீரென்று ஒரு நாள் ஒருவர் வராமல் போவார், அந்தக் கட்டிலில் அடுத்தவர் படுப்பார். இந்த வேலைக்கு மனசு வேண்டும், சம்பளம் மட்டும் பார்த்து வந்தால் நிற்க முடியாது.

வியாசை_வாத்தியார்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வார்டு யோசனையை விட்டுவிட்டேன். முதலில் வீட்டு ஃபைல், அடுத்து இரண்டு நிமிடக் கேள்விப் பயிற்சி, பிறகு துப்புரவுப் பணியாளரும் மருந்தாளுநரும் கல்லூரிக்கு வந்து பேசுவது, அதற்கப்புறம் சின்னச் சின்னக் குழுவாகச் சுகாதார நிலையம். அக்காவோடு போவதற்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் எழுந்து நின்றவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். மண்டல நல அலுவலருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பிள்ளைகளைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதில் தொற்று பயம் இருக்கிறது என்று இரண்டு பெற்றோர் போன் செய்தார்கள், என்ன சொல்வது? ரத்தம், ஊசி என்றால் மயக்கம் போடுகிற பிள்ளைகளை என்ன செய்வது?

ராயபுரம்_சிஸ்டர்

பெற்றோரிடம் சொல்லுங்கள் சார், டாக்டர் சொன்ன மாதிரி ஓ.பி. முடிந்த பிறகு போனால் பஸ்ஸில் போவதைவிடப் பயம் குறைவு. முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், ஜன்னல் திறந்திருக்கும் அறையில் நிற்கட்டும், வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவட்டும். சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளை அன்றைக்கு வர வேண்டாம், அங்கே வருகிற கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நம்மால் ஒன்றும் வந்துவிடக் கூடாது. காசநோய் மாத்திரை சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து பெரும்பாலும் சில வாரங்களிலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும், அதையும் பெற்றோரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பர் வரை அது 500-ஆக இருந்தது. அந்தப் பெற்றோர் வீட்டுப் பக்கத்திலேயே யாருக்காவது இந்தத் தகவல் தேவைப்படலாம்.

மயக்கம் போடுகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், கதவு ஓரமாக நிற்க வையுங்கள், தலை சுற்றினால் உடனே தரையில் உட்கார வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், முழுசாகத் தெளிகிற வரைக்கும் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நான் பயிற்சி கொடுத்த நர்சிங் மாணவிகளில் முதல் வாரம் மயங்கி விழுந்தவள் ஒருத்தி இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறாள்.

கல்லூரிக்கு நானே வருகிறேன், எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதிரி ஓ.பி. சீட்டும் காலி மாத்திரை அட்டைகளும் கொண்டுவருகிறேன்.